அவசரமே இல்லாத போர்க்களம்!

வீடியோ கேம் என்றாலே கை வேகம் வேண்டும் என்று ஒதுங்குபவர்கள் உண்டு. 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' அவர்களுக்கான விளையாட்டு. டேவிட் ஒயிட் 2003-ல் தொடங்கிவைத்த இதை, கணினியில் இன்றும் இலவசமாக ஆடலாம்.

செஸ் போல, இதிலும் முறை வைத்துத்தான் ஆட்டம். எவ்வளவு நேரம் யோசித்தாலும் எதிரி காத்திருப்பான். கட்டங்களுக்கு ஆறு பக்கம். குதிரை, யானைக்குப் பதில் எல்ஃப் வில்லாளிகள், ஓர்க் அரக்கர்கள். காட்டுக்குள் நிற்கும் எல்ஃபை அடிப்பது கடினம், வெட்டவெளியில் சுலபம். இருட்டினால் ஓர்க்குகளின் அடி 25% கூடும். பகலில் அதே அளவு குறையும்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ஜெயிக்கிற வேகத்தில், பொழுது சாயும்போதும் முன்னேறிவிடுவார்கள். இரவு வரும். நாலு போர்களில் பார்த்துப் பார்த்து வளர்த்த வில்லாளி விழுவாள். அந்தக் கதை முடியும்வரை அவள் திரும்ப மாட்டாள். வெறும் பொம்மைதானே என்றாலும் மனசு கேட்காது.

அடுத்த முறை, காயம்பட்டவளைக் கிராமத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே சுற்றுக்கு 8 புள்ளி உயிர் ஏறும். விடியும்வரை பொறுப்பார்கள்.

பின்வாங்கத் தெரிந்துவிட்டால், ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்!