காவிரி சூழ்ந்த தீவில் ஒரு நாள்

கோடை விடுமுறை நெருங்கினால், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் வினா நம் இல்லங்களில் எழுகிறது. பல வீடுகளில் விடையும் ஆயத்தமாகவே இருக்கும்: ஊட்டி, கொடைக்கானல், இல்லையேல் உறவினர் வீட்டு நிக்காஹ். ஆண்களாவது வணிகத்தின் பொருட்டு நாலு ஊர்களைக் காண்கிறார்கள். நம் தாய்மார்களில் பலருக்கு அதுவும் வாய்ப்பதில்லை. பூமியில் பயணம் செய்து, முன் சென்றோர் அடைந்த முடிவைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை பலமுறை தூண்டுகிறது. அந்த அழைப்பு ஆண்களுக்கு மட்டும் உரியதன்று.

குடும்பத்தோடு சென்று, கண்ணும் குளிர்ந்து, கருத்தும் தெளிந்து திரும்பத்தக்க ஓர் இடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர்; மைசூரிலிருந்து 15 கிலோமீட்டர். காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட தீவு அது. மேட்டூருக்கும் திருச்சிக்கும் தஞ்சைக்கும் வந்து நம் வயல்களை நனைக்கும் அதே நீர்தான், ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட கோட்டையின் மதில்களைத் தழுவி ஓடுகிறது.

தேக்கு மாளிகை

கோட்டைக்கு வெளியே, ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது தரியா தவ்லத் பாக். 1784ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் கட்டிய கோடை மாளிகை. வானளாவும் கோபுரமோ சலவைக்கல் மண்டபமோ இங்கே இல்லை. உயர்ந்த மேடைமேல், தேக்கு மரத்தூண்கள் தாங்கி நிற்கும் அடக்கமான மாடி வீடு. சுற்றிலும் தாழ்வாரங்கள், எதிரே நீண்ட தோட்டம். ஆனால் உள்ளே நுழைந்தால் சுவர், தூண், விதானம் எங்கும் ஓர் அங்குலம்கூட விடாமல் தீட்டிய வண்ணக் கோலங்கள். வெயில் பட்டு நிறம் மங்காதிருக்க வெளிப்புறம் பச்சைத் திரைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மேற்குச் சுவரின் முன் தமிழ்நாட்டார் சற்று நேரம் நிற்க வேண்டும். அங்கே தீட்டப்பட்டிருப்பது காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் நடந்த போர். ஹைதரும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை முறியடித்த களம். ஆங்கிலப் படையின் நடுவே வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது. காயமுற்ற கர்னல் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். யானைகளும் குதிரைகளும் வாளேந்திய வீரர்களுமாகச் சுவர் முழுதும் ஒரே ஆரவாரம். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால், பாடநூலில் படித்த வரிகள் உயிர் பெற்று எழுவதைக் காண்பார்கள்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இந்த மாளிகையில் வந்து தங்கியவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு இவரே. மங்கிப் போயிருந்த சித்திரங்களை மீண்டும் தீட்டச் செய்தவர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு. தம் படையின் தோல்வியைச் சொல்லும் ஓவியத்தையே ஆங்கிலேயர் புதுப்பித்து வைத்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கும்பஸின் நிழலில்

மாளிகையிலிருந்து கிழக்கே சென்றால் லால் பாக். இருமருங்கும் சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்க, பாதையின் முடிவில் தோன்றுகிறது கும்பஸ். 1782 டிசம்பரில் மறைந்த தந்தை ஹைதர் அலிக்காகத் திப்பு எழுப்பிய அடக்கத்தலம் இது. சுற்றுத் தாழ்வாரத்தை 36 கருங்கல் தூண்கள் தாங்குகின்றன. முகம் பார்க்கலாம் என்னும்படி மெருகேறியவை. கதவுகளில் தந்தம் இழைத்திருக்கிறார்கள். உட்சுவர்களில் புலிவரிகள். அங்கே தந்தையும் தாயும், அவர்களருகே மகன் திப்புவும் அடங்கியிருக்கிறார்கள். 1799 மே 4ஆம் நாள் கோட்டையில் போரிட்டு ஷஹீதான சுல்தானை மறுநாள் இங்கே கொணர்ந்து நல்லடக்கம் செய்தனர்.

உள்ளே நுழைவோர் ஸலாம் சொல்லி, மறைந்தோருக்காக துஆ செய்து, அமைதியுடன் வெளியே வரவேண்டும். கேட்பதை அல்லாஹ்விடமே கேட்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்வது பெற்றோர் கடமை. அரியணையில் அமர்ந்தவருக்கும் இறுதியில் ஆறடி மண்தான் என்ற பாடத்தைவிடப் பெரிய பாடம் அங்கே வேறில்லை.

கும்பஸிலிருந்து சிறிது தூரத்தில் இன்னொரு நினைவுச்சின்னம் நிற்கிறது. புள்ளலூரில் சிறைப்பட்டு, 1782இல் இவ்வூரிலேயே உயிர்நீத்த கர்னல் பெய்லியின் நினைவாக அவருடைய உறவினர் எழுப்பியது. வென்றவர் துயிலும் தோட்டத்திலேயே தோற்றவரின் பெயரும் பொறிக்கப்பட்டு நிற்கிறது. சுவரிலே கண்ட வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. எதிரி வீட்டிலும் அழுதவர்கள் உண்டு என்பதைப் பிள்ளைகள் உணர இதுவே தக்க இடம்.

பிணையாகச் சென்ற பிள்ளைகள்

இத்தீவில் பெற்றோர் மனத்தைப் பெரிதும் பிசையும் வரலாறு ஒன்றுண்டு. 1792இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தபோது, பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழப்பீடாகக் கேட்டார் கார்ன்வாலிஸ் பிரபு. பணம் செலுத்தித் தீரும்வரை சுல்தானின் இரு மைந்தர்கள் பிணையாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. அப்துல் காலிக், முயிஸுத்தீன் என்னும் அவ்விருவருக்கும் பத்து வயதை ஒட்டிய பருவம். ஆங்கிலேயரின் பொறுப்பில் அவர்கள் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1794இல் திரும்பும்வரை சுமார் ஈராண்டுகள் அன்னையின் முகம் காணாது வாழ்ந்தனர்.

1799க்குப் பிறகு குடும்பம் முழுவதும் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டது. 1806 ஜூலை 10ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, திப்புவின் மைந்தர்கள்மீது ஐயம் கொண்ட கம்பெனியார் அவர்களைத் தொலைதூரக் கல்கத்தாவுக்கு மாற்றினர். அக்குடும்பத்தார் சிலரின் அடக்கத்தலங்கள் இன்றும் வேலூரில் உள்ளன. ஆகவே ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கதை கர்நாடகத்தோடு முடிந்துவிடுவதன்று. அதன் கடைசி ஏடுகள் நம் மண்ணில் எழுதப்பட்டவை.

நீதியோடு பார்ப்போம்

திப்புவைப் பற்றி இன்று நாட்டில் சச்சரவுகள் மிகுதி. சிலர் அவரைக் குறையே இல்லாதவராகப் போற்றுகின்றனர். சிலர் கொடுங்கோலராக மட்டுமே காண்கின்றனர். கோட்டைக்குள் அவர் மாளிகை இருந்த இடத்திற்கு மிக அருகே ஸ்ரீரங்கநாதர் கோயில் அன்றும் இன்றும் நிலைத்து நிற்கிறது. 1791இல் மராட்டியப் படையால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்திற்கு அவர் ஆறுதல் கடிதங்கள் எழுதி உதவிய செய்தி ஆவணங்களில் உள்ளது. அதேவேளை, குடகிலும் மலபாரிலும் அவருடைய படைகளால் மக்கள் பெருந்துன்பம் அடைந்ததும் வரலாறே. நமக்குப் பிடித்தவர் என்பதற்காக ஒன்றை மறைப்பது நீதியாகாது. நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி சொல்லக் கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் சொன்னால், பிள்ளைகள் வெளியே எவர் எதைக் கேட்டாலும் கோபமின்றி, தெளிவோடு விடையளிப்பார்கள்.

பறவைகளும் பூங்காவும்

வரலாற்றைக் கேட்டுக் களைத்த சிறுவர்களுக்கு ஆறுதலாகச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே ரங்கனத்திட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. படகிலேறிச் சென்றால் ஆற்றுத் திட்டுகளில் நாரைகளும் கரண்டிவாயன்களும் கூழைக்கடாக்களும் கூடுகட்டிக் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். பாறைமேல் முதலைகள் வெயில் காயும். 1940இல் இதைச் சரணாலயமாக அறிவிக்க மைசூர் மன்னரிடம் எடுத்துரைத்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. படைப்பின் நுட்பங்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அப்பெருமகனாரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மாலையில் கிருஷ்ணராஜசாகர் அணைக்கட்டின் பிருந்தாவன் பூங்காவுக்குச் செல்வோர் பல்லாயிரம் பேர். அதை உருவாக்கியவர் மைசூர்த் திவானாக விளங்கிய சர் மிர்ஸா இஸ்மாயில் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்? காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, படிப்படியாக இறங்கும் தளங்களும் நடுவே ஓடும் நீரும் நீரூற்றுகளுமாக அவர் அமைத்தார். அதே இடத்தில் அணைகட்டத் திப்புவும் எண்ணியிருந்தார். அவர் பொறித்த பாரசீகக் கல்வெட்டு அணை வேலையின்போது கிடைத்தது. தரிசு நிலத்தைத் திருத்துவோருக்கு வரியில் ஒரு பங்கை இறைவன் பெயரால் விட்டுக்கொடுப்பதாக அது கூறுகிறது.

திரும்பும் வழியில் பெங்களூரில் இன்னொரு லால் பாக் காத்திருக்கிறது. 1760இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு பல நாடுகளிலிருந்து செடிகள் வரவழைத்து வளர்த்த தோட்டம். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கே மலர்க்காட்சி நடைபெறும்.

எப்போது செல்வது?

குளிர்காலம் தொட்டுக் கோடையின் தொடக்கம்வரை பறவைகள் நிறைந்திருக்கும், வெயிலும் தாங்கத்தக்கது. பருவமழையில் அணையிலிருந்து மிகுதியான நீர் திறக்கப்பட்டால் படகுகள் நிறுத்தப்படும்; ஆனால் கரும்பும் நெல்லும் விளையும் மண்டியாச் சிற்றூர்கள் பசுமை போர்த்து நிற்கும் காலமும் அதுவே. வழியில் ராமநகரத்தில் பட்டுக்கூட்டுச் சந்தை உண்டு. மைசூர்ச் சீமையில் பட்டுத்தொழிலை ஊன்றியவர் திப்புவே. சென்னபட்டணத்தில் சாயமேற்றிய மரப் பொம்மைகள் கிடைக்கும்.

காலையில் மாளிகை, பின்னர் கும்பஸ் என்று வகுத்துக்கொண்டால், லுஹர் தொழுகைக்குக் கோட்டை வாசலருகே திப்பு கட்டிய மஸ்ஜிதே அஃலாவை அடைந்துவிடலாம். புறாமாடங்கள் நிறைந்த அதன் இரு மினாராக்கள் தொலைவிலிருந்தே வழிகாட்டும். வயது முதிர்ந்தோருக்குத் தொப்பியும் குடையும், சிறுவர்களுக்குத் தண்ணீரும் மறவாதீர்கள். வீட்டுச் சோற்றுப் பொட்டலம் எடுத்துச் சென்றால், உண்ட இடத்தைத் துப்புரவு செய்து எழுங்கள். தூய்மை ஈமானின் பகுதியல்லவா?

சுவரிலும் தூணிலும் பெயர் கிறுக்கிச் செல்லும் பழக்கத்தை மட்டும் நம் பிள்ளைகள் அறவே தவிர்க்க வேண்டும். இரு நூற்றாண்டுகளாகப் போரும் மழையும் வெயிலும் விட்டுவைத்ததை நாம் அழித்தவர்களாகக் கூடாது. அடுத்து வரும் தலைமுறைக்கும் அது அமானிதம்.