வட ஆற்காட்டுப் பக்கம் – 4: அம்மாவுக்கு விழுந்த மாலை

சித்ரா பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மறுநாள் காலை அடி அண்ணாமலைக்குப் போனேன். திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு 300 ரூபாய். "பௌர்ணமி ரேட்டு சார்" என்றார் ஓட்டுநர். பௌர்ணமிதான் போய்விட்டதே என்று எவ்வளவு சொல்லியும் இறங்கி வரவில்லை. அதைவிட மனதை நோகடித்தது பாதை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கண்ணுக்கு எட்டிய வரை பாக்குமட்டைத் தட்டு, டீ கப், தண்ணீர் பாட்டில். அன்னதானம் போடுகிற புண்ணியவான்கள் எச்சில் தட்டை அள்ளவும் நாலு ஆளை வைக்க வேண்டும்.

ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் மலைக்கு மேற்கே, பாதையை ஒட்டியே இருக்கிறது. பக்கத்தில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில். அவர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில்தான் என்பது ஐதீகம். பெரிய கோயில் நெரிசல் இங்கே கிடையாது. நின்று நிதானமாகக் கும்பிடலாம்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, அர்ச்சனைத் தட்டில் திரும்பி வந்த சாமந்தி மாலையை எடுத்துத் தன் அம்மாவின் கழுத்தில் போட்டாள். அந்த அம்மாள் கூச்சத்தில் நெளிந்து, கழற்றப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குடி மாலை? நான் இன்னா படிச்சனா?"

"நீ மொளகு பறிக்கப் போவலன்னா அவ எங்க படிச்சிருப்பா? போட்டுக்கோ" என்றார் பக்கத்தில் இருந்த அப்பா.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர் அவர்களுக்கு. 2025 மே 8-ம் தேதி பிளஸ் டூ முடிவு வந்திருந்தது. மாநிலத்தில் 95.03 சதவீதம் பேர் தேர்ச்சி. பட்டணத்தில் வெறும் பாஸ் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வீட்டிலோ பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் இவள்தான். பாஸானால் கிரிவலம் வருவதாக நேர்ந்திருந்தார்கள்.

வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாமையில் கிளறிய புளிச்சோறு. புளி அவர்கள் வீட்டு மரத்துப் புளி. காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, வேர்க்கடலை தாராளமாகச் சேர்த்திருந்தார்கள். சாமைக்குப் புளி இப்படி ஏறும் என்று நான் நினைத்ததில்லை. சோறு முடிந்ததும் அப்பா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தைப் பிளந்து, சுளை சுளையாக எடுத்து முதலில் எனக்குத்தான் நீட்டினார். காசு கொடுக்கப் போனேன். "சோத்துக்கா சார் காசு?" என்று கையைத் தள்ளிவிட்டார். அன்று காலை ஆட்டோவில் மனதில் ஏறிய கசப்பு முழுவதும் அங்கே இறங்கிவிட்டது.

மலையாளிப் பழங்குடியினர் அவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மழைக்குச் சாமை, அது தீர்ந்தால் வெளியூர்க் கூலி. அம்மா வருஷா வருஷம் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போக, பெண் ஆறாவதிலிருந்து அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்திருக்கிறாள்.

"என்னையும் கட்டை வெட்டக் கூப்பிட்டாங்க சார். இவ அப்போ ரெண்டாவது படிச்சிக்கினு இருந்தா. போவல" என்றார் அப்பா.

கட்டை என்றால் செம்மரம். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அன்று அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளும் இவள் வயதுதான் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் பள்ளியை முடித்தார்களோ என்று நினைத்தபோது கையில் இருந்த சுளையை என்னால் தின்ன முடியவில்லை.

பெண்ணுக்கு வக்கீலுக்குப் படிக்க ஆசை. காரணம் கேட்டேன். "புலியூர் ஸ்ரீபதி அக்கா" என்றாள். குழந்தை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, உரிமையியல் நீதிபதியாகத் தேர்வான பழங்குடிப் பெண். 2024-ல் அவர் ஊர் திரும்பியபோது மேளதாளத்தோடு வரவேற்றார்கள். சட்டம் கிடைக்காவிட்டாலும் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று அம்மாவுக்குக் கணக்கு சொன்னாள். "அப்போ நான் மொளகுக்குப் போவ வேணாமா?" என்று அம்மா கேட்டார். மகளிடம் அதற்குப் பதில் இல்லை.

நான் பார்த்த பள்ளி விழாக்களில் எல்லாம் பொன்னாடை தலைமையாசிரியருக்கும் வந்த விருந்தினருக்கும்தான். மலைப்பள்ளிகளிலாவது பிளஸ் டூ முடித்த ஒவ்வொரு பிள்ளையோடும் பெற்றவர்களை மேடையேற்றி மாலை போட வேண்டும். கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அன்றைய கூலியையும் பஸ் காசையும் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும்.

வெயில் ஏறியதும் அவர்கள் போளூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நான் செங்கம் வழியாகச் சாத்தனூர் அணைக்குப் போனேன். அங்கே தண்ணீரும் பொரித்த மீனும் இருந்தன. அதை அடுத்த வாரம் சுருக்கமாக எழுதுகிறேன்.