பழைய கமராவும் கார்கிவ் சிறுவரும்

ஃபெட்-2 என்னும் சோவியத் கமரா 1955 முதல் 1970 வரை உக்ரேனின் கார்கிவ் நகரிலே உருவானது. பழைய சாமான் கடையிலிருந்து என் கைக்கு வந்த ஒன்றில் இரு குறைகள் உண்டு. பார்வைக் கண்ணாடியில் தெரியும் இரட்டை உருவங்களுள் ஒன்று மயிரிழை மேலே நிற்கின்றது. தூரத்தைக் கணிக்க அது தடையன்று. ஷட்டரின் துணித்திரையிலோ ஊசித்துளைகள். முதற் சுருளைக் கழுவி அச்சிட்டபோது நண்பகல் வானத்தில் நட்சத்திரங்கள் முளைத்திருந்தன! கறுப்புத் துணிச்சாயத்தை மெல்லப் பூசித் துளைகளை அடைத்தேன். வெயிலில் வில்லையை மூடியே வைக்கிறேன். இரண்டாஞ் சுருளில் நட்சத்திரம் மூன்றே.

ஆசிரிய நண்பர்கள் இக்கமராவின் பூர்வீகத்தை அறிதல் நன்று. மக்கரென்கோ நடத்திய கம்யூனிலே, தெருவில் திரிந்த அநாதைச் சிறுவர்கள் நாளில் ஒரு பகுதியைப் பட்டறையிலும் மறுபகுதியை வகுப்பிலும் கழித்தனர். ஜெர்மானிய லைக்காவைப் பார்த்து முதலாவது ஃபெட்டை அவர்கள் தொடர்ந்து செய்யத் தொடங்கியது 1934இல். சிறுவர் உழைப்பென முகஞ்சுளிப்போர் உளர். ஆயின், ஏட்டையும் கைத்தொழிலையும் பிரித்துவைத்து எழுதுவினைஞரை மட்டும் ஆக்கும் கல்வியை அவர்கள் ஏன் கேள்வி கேட்பதில்லை?

பெயர்தான் நெருடுகின்றது. இரகசியப் பொலிசின் தலைவராயிருந்த பீலிக்ஸ் எத்முந்தோவிச் செர்ஷின்ஸ்கியின் முதலெழுத்துக்களே 'ஃபெட்'. சிறுவரின் கைத்திறனைப் போற்றுவேன், அப்பெயரைப் போற்றேன்.

2022இல் அதே கார்கிவ்மீது ரஷ்யக் குண்டுகள் விழுந்தன. சோவியத் நூல்களிலே வளர்ந்த எம்மவருட் சிலர் அதனைக் கண்டிக்கத் தயங்கினர். அத்தயக்கம் எனக்கு உடன்பாடன்று.