சிமெண்டுக்கு அடியில் இருந்த மண்

காஜாங் ரயில் நிலையத்திலிருந்து காரில் பத்து நிமிடம் போனால் அந்தத் தாமான். எண்பதுகளில் கட்டிய ஒரு தட்டு வரிசை வீடுகள். நாம் போன பிப்ரவரிக் காலையில், கடைசி வீட்டு வாசலில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் குந்தியிருந்தார். சிமெண்டுத் தரையை உடைத்து எடுத்த இடத்தில் கொஞ்சம் மண் அள்ளி, நீர் தெளித்து, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். மண் கயிறாக நீண்டது. வளைத்துப் பார்த்தார், விரிசல் விழவில்லை.

“களிம்மா. தண்ணி நிக்கும். பாத்தியை ஒரு அடி உசத்திக் கட்டணும்.”

வீட்டுக்காரம்மா தலையாட்டினார். இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கூரை ஒழுக்கை அடைத்தாயிற்று, குழாய்களை மாற்றியாயிற்று. அடுத்த வேலை தோட்டம்தான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பிறந்தது பெராங் பெசார் தோட்ட லயத்தில். வளர்ந்த பிறகு குடும்பம் போய்ச் சேர்ந்தது டெங்கில் அடுக்குமாடிக்கு. அங்கே கறிவேப்பிலைக்கு இருந்ததெல்லாம் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

பெராங் பெசார் தோட்டத்தின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் பெரியவரின் கையைப் புரிந்துகொள்ள முடியும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் திறந்த ரப்பர் தோட்டம் அது. மலாய் மொழியில் ‘பெராங் பெசார்’ என்றால் பெரும்போர். நல்ல பால் தரும் மரங்களைத் தேர்ந்து ஒட்டுக்கட்டிப் பெருக்குவதில் அது உலகப் பெயர் வாங்கியது. இலங்கையிலும் இந்தியாவிலும் பரவிய ‘பிபி 86’ ரகத்தின் பெயரில் உள்ள ‘பிபி’ இந்தத் தோட்டத்தின் முதலெழுத்துகள்தான். 1995க்குப் பிறகு அந்த நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. பெராங் பெசாரோடு கேலவே, மேடிங்லி, செட்ஜ்லி தோட்டத்துக் குடும்பங்களும் லயங்களை விட்டு வெளியேறின.

அக்கம்பக்கத்துத் தோட்டம் ஒன்றின் நாற்றங்காலில் பதினாறு வயதில் ஒட்டுக்கட்டப் பழகியவர் இந்தப் பெரியவர். கூலி, கட்டிய மொட்டுகளின் கணக்குக்கு இல்லை, உயிர்பிடித்த மொட்டுகளுக்குத்தான் என்கிறார். இன்று பழக்கன்றுக் கடைகளும் வீட்டுக்காரர்களும் அழைத்தால் போய்க் கட்டிக் கொடுக்கிறார்.

நமக்காக ஓர் எலுமிச்சைக் கன்றை எடுத்தார். பென்சில் பருமன் தண்டு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குறுக்காக ஒரு கீறல், அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு கீறல். கத்தியின் மழுங்கிய முனையால் பட்டையை இரு பக்கமும் மெல்ல நெம்பினார்; உள்ளே ஈரம் மின்னியது. நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து கொண்டுவந்த குச்சியில், இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டிருந்தார். அந்தக் காம்போடு மொட்டைப் பட்டையாகச் சீவி, கீறலுக்குள் மேலிருந்து கீழே நுழைத்தார். சீவிய பக்கத்தில் அவர் விரல் படவேயில்லை. பிளாஸ்டிக் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினார், ஓட்டுக்கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடக் கூடாதே! எல்லாம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“மூணு வாரம் பொறுங்க. காம்பைத் தொட்டதும் உதிர்ந்துட்டா புடிச்சிருச்சு. கருகி ஒட்டிக்கிட்டே இருந்தா, போச்சு, மறுபடி கட்டணும்.”

காஜாங்கில் குளிர்காலமும் இல்லை, அதை அடுத்து வரும் வசந்தமும் இல்லை. ஆனாலும் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வசந்தம் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறையும் வாரங்களில் பால்மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, செம்பு நிறத்தில் புதுத் துளிர் விடும். பார்க்க அழகான அந்த நாட்களில்தான் பால் குறையும். எடைக்குக் கூலி வாங்கிய வீடுகளில் அடுப்பும் தணியும். பெரியவர் இப்போதும் அந்தக் கணக்கை வைத்தே தோட்டம் போடுகிறார். இலை உதிரும்போது மண்ணைக் கிளறி, துளிர் விடும்போது விதை ஊன்றிவிட வேண்டும். ஏப்ரலில் பிற்பகல்தோறும் இடியோடு கொட்டும் மழைக்கு முன்னால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாசலில் இப்போது இரண்டு பாத்திகள். களிமண்ணோடு தேங்காய் மட்டைத் தூளும் மக்கிய இலையும் கலந்திருக்கிறார்கள். வெயில் நன்றாக விழும் கிழக்குப் பக்கம் வெண்டையும் கத்திரியும், வேலியோரம் பயற்றங்கொடி. மூலையில் கையளவு பருமனான முருங்கைப் போத்து ஒன்று, மேல்முனையில் சாணம் பூசி நட்டிருக்கிறது. பின்பக்கச் சாக்கடை ஓரமாகச் செராயும் மஞ்சளும். காஜாங் சாத்தே இறைச்சியை ஊறவைப்பதற்கு அரைக்கும் அதே செராய், அதே மஞ்சள். பூந்தொட்டிகளுக்கு அடியில் தட்டு கிடையாது. தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார் வீட்டுக்காரம்மா.

அன்று நாம் விடைபெறும் நேரத்தில் அவருடைய பத்து வயது மகள் கத்தியை வாங்கி, வேண்டாத செம்பருத்திக் குச்சியில் கீறிப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் மொட்டு கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. “கத்தியை அழுத்தாதே கண்ணு, இழு,” என்று பெரியவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார்.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார் நிற்கும் இடம் போக வாசலில் நான்கடி மண்ணையாவது சிமெண்டு போடாமல் விட்டுவையுங்கள். உங்கள் தாமானிலும் ஒட்டுக்கட்டத் தெரிந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். விசாரித்து, வீட்டுக்கு அழைத்து, உரிய கூலி கொடுத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த ஆண்டே அதைச் செய்யுங்கள்.