கடைசி பஸ்

போன வருடம் சேலத்தில் ஒரு பயிலரங்கம் நடத்தினோம். பெண் பிள்ளைகளை கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் கொண்டுவருவது எப்படி என்று அரசுப் பள்ளி டீச்சர்களோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசுவதாகத் திட்டம். என்னோடு இன்ஜினியரிங் படித்த தோழிகள் ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்திக்குப் பைத்தான் வகுப்பு, ஒருத்திக்குச் சாப்பாடு. "நீதான் ராசிபுரத்துக்காரி, டிராவல் பிளானை நீ பாத்துக்கோ" என்று அதை மட்டும் என் தலையில் கட்டினார்கள்.

நான் பெங்களூரில் டெலிவரி கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவள். ஒரு பார்சல் எந்த வழியில் போனால் சீக்கிரம் சேரும் என்று கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. 32 டீச்சர்கள் எம்மாத்திரம்? ஊர், தூரம், பயண நேரம் என்று எக்செல் ஷீட் போட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் வர முடிந்தால் பச்சை. எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, வெண்ணந்தூர், நாமக்கல் எல்லாமே பச்சை. காலை ஒன்பதரைக்கு ஆரம்பம், மாலை ஐந்தரைக்கு முடிவு. "எல்லாரும் வரலாம்" என்று குரூப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஒவ்வொருவராகப் போன் செய்தபோதுதான் ஷீட் வெளுக்க ஆரம்பித்தது.

முதல் போன் வெண்ணந்தூர் பக்கத்துக் கிராமத்து டீச்சருக்கு. "வர்றதுக்கு ஆசைதானுங்க. ஆனா அஞ்சரைக்கு முடிஞ்சா எப்படிங்க? பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வரவே ஆறாயிரும். ஆட்டையாம்பட்டி போய் எறங்கறப்ப ஏழு. அப்புறம் வெண்ணந்தூரு. எங்கூரு கடைசி பஸ்ஸு அதுக்குள்ள போயிருமுங்க. வீட்டுக்காரருதான் வண்டி எடுத்துட்டு வரணும். அவரு லாரிக்குப் போயிருந்தா?"

என் மேப்பில் அவர் ஊருக்கும் சேலத்துக்கும் நடுவே ஒரே ஒரு நீலக்கோடு. அவர் சொன்னதில் மூன்று பஸ், இரண்டு காத்திருப்பு, லாரிக்குப் போன ஒரு கணவர்.

நாமக்கல் டீச்சருக்கு வேறு கணக்கு. 2024-இல் அங்கே முதலைப்பட்டியில் புது பஸ் ஸ்டாண்ட் திறந்துவிட்டார்கள். வீட்டிலிருந்து அதுவரை ஒரு பஸ், அங்கிருந்து சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், கல்லூரிக்கு இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதைக் கிண்டல் செய்கிறவர்கள் என் ஆபீஸிலும் உண்டு. பகுதிநேர டீச்சராக இருக்கிற ஒருவரிடம் பேசிப் பார்த்தால் அந்தக் கிண்டல் வாயில் வராது. ஆனால் சேலம்–நாமக்கல் மாதிரி வெளியூர் வண்டிகளில் அது செல்லாது. டிக்கெட் இல்லையென்றாலும் பஸ் என்று ஒன்று இருக்க வேண்டுமே!

இதெல்லாம் எனக்குத் தெரியாத கதையா என்ன?

ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எங்கள் ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளியில்தான் இருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் என்னைவிட ஒன்பது மார்க் கூட வாங்கியவள் என் தோழி. லேப் உள்ள நாட்களில் வெளியே வர ஆறு மணி ஆகும். ஊருக்கு பஸ் ஐந்தரைக்கு. என்னை அப்பா டிவிஎஸ் 50-இல் வந்து கூட்டிப்போவார். அவள் வீட்டில் வண்டி இல்லை. பக்கத்து ஊரிலேயே வரலாறு குரூப்பில் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு மகளிர் தினத்துக்கும் ஆபீஸில் என்னைப் பேசச் சொல்வார்கள். விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த டிவிஎஸ் 50-ஐப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பயிலரங்கில் காட்டுவதற்கு நான் வைத்திருந்த ஸ்லைடு அ. லலிதாவைப் பற்றியது. 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்தபோது கையில் நான்கு மாதக் குழந்தை. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-இல் சேர்ந்து எலக்ட்ரிக்கல் படித்து முடித்தார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் போய்வந்தார். சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்த வேண்டியிருந்தது என்பதுதான் எல்லாரும் சொல்லும் கதை. நானும் அதைத்தான் ஸ்லைடில் போட்டிருந்தேன்.

இந்த முறை திரும்பப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அவர் அப்பா சுப்பா ராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வரிடம் பேசி இடம் வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. அத்தனை ஆண்கள் நடுவே மகள் ஹாஸ்டலில் தனியாக இருக்கிறாள், துணை வேண்டும் என்று மறுபடி பேசியிருக்கிறார். பெண்களும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் கொடுத்தது. லீலம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேசியாவும் சிவிலில் வந்து சேர்ந்தார்கள். த்ரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஒருத்திக்குத் துணை தேடப்போய் இன்னும் இரண்டு இன்ஜினியர்கள் கிடைத்தார்கள். லலிதாவின் திறமைக்கு இதனால் ஒரு குறைச்சலும் இல்லை. அந்தத் திறமை வகுப்பறைக்குள் வந்து உட்கார யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஷீட்டில் 'தூரம்' என்ற காலத்தை அழித்துவிட்டு 'கடைசி பஸ்' என்று போட்டேன். பயிலரங்கம் பத்தரையிலிருந்து மூன்றேகால் வரை என்று சுருங்கியது. பைத்தான் தோழிக்குக் கோபம். "ரெண்டு மணி நேரத்துல என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?" அவள் கேட்டதும் நியாயம்தான், வகுப்பு பாதியாகிவிட்டது. ஒரே வழியில் வருகிறவர்களை மூன்று மூன்று பேராகச் சேர்த்து, எங்கே ஏறி எங்கே சந்திப்பது என்று எழுதி அனுப்பினேன். 32 பேரில் 27 பேர் வந்தார்கள். திரும்பும்போது ஆட்டையாம்பட்டி கோஷ்டி முறுக்கு வாங்கித் தின்றபடி போட்டோ அனுப்பியது.

அதில் வெண்ணந்தூர் டீச்சர் இல்லை. அன்று அவர் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தை என் ஷீட்டில் எந்தக் கட்டத்திலும் போட முடியாது. ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அடுத்த தடவ நீங்க இங்க வாங்க. பஸ் டைம் எல்லாம் நான் சொல்றனுங்க."

ஜனவரியில் போனேன். அவர் சொன்ன பஸ், அவர் சொன்ன நேரம், அவர் சொன்ன பக்கம் உட்கார்ந்து. வெயில் அடிக்காத பக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 19 பேர். என் வேலையைப் பற்றிப் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"பெங்களூர்ல கடைசி பஸ் எத்தன மணிக்குங்கக்கா?"

எனக்குத் தெரியவில்லை. ராத்திரி லேட்டானால் ஆபீஸ் வண்டியே வீட்டு வாசலில் இறக்கிவிடும் என்றேன்.

"அப்ப அங்கயும் யாராச்சும் கொண்டாந்து விடணுமுங்களா?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணே முக்கால் பஸ்ஸ விட்டா உங்களுக்கு ஆறே காலுதானுங்க" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.