ஒரு சாண் இடம்

பழனியில் என் அக்கா மகன் கணினியில் வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுகிறான். தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் ஒரே காரணம்தான்: “சென்ஸ் செட் ஆகல மாமா.” மறுநாள் 0.4 போய் 0.35 வந்திருக்கும். கனடாவின் பிரபல வேலரன்ட் ஆட்டக்காரர் டென்ஸே அதை அடிக்கடி மாற்றுகிறவர்தான் என்று ஆதாரமும் வைத்திருக்கிறான். டென்ஸ் எந்த எண்ணிலும் குறி தவறாமல் சுடுவார் என்பதை மட்டும் ஆதாரத்தில் சேர்ப்பதில்லை.

மவுஸை நகர்த்தினால் பார்வை எவ்வளவு திரும்பும் என்பதுதான் சென்ஸ். மவுஸ் ஓர் அங்குலம் போனால் கணினிக்கு எத்தனை துடிப்பு அனுப்புகிறது என்பது டிபிஐ. இதே வகை ஆட்டமான கவுன்டர் ஸ்ட்ரைக்கில் சென்ஸ் 1 என்றால் ஒரு துடிப்புக்கு 0.022 டிகிரி. 800 டிபிஐயில் ஒரு முழுச் சுற்றுக்கு மவுஸ் சுமார் 52 செ.மீ. போயாக வேண்டும், 400 டிபிஐ, சென்ஸ் 2 என்றாலும் அதே 52தான். வேலரன்டில் 0.022 இருந்த இடத்தில் 0.07. அதனால் ‘என் சென்ஸ் 2’ என்று ஒருவர் சொன்னால் ஒன்றுமே சொல்லவில்லை. செ.மீ. சொன்னால்தான் பேச்சு.

செ.மீ. என்று வந்துவிட்டால் மேசையும் வந்துவிடுகிறது.

நாங்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 பழகியது பழனி மலை அடிவாரத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில். பிளைவுட் தடுப்பு, இழுத்தால் வெளியே வரும் கீபோர்டு பலகை, அதன் ஓரத்தில் மவுஸுக்கு ஒரு சாண் இடம். பந்து வைத்த மவுஸ்; உள்ளே உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் உட்காருவோம். அடிவாரத்துக் கடையாயிற்றே, அதில் திருநீறும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆட்டத்தோடு வரும் எண் 3. 400 டிபிஐ மவுஸுக்கு அது ஏறக்குறைய 35 செ.மீ. கேட்கும். ஒரு சாணில் எங்கே போவது? ஏற்றி வைத்தோம். தோள் அசையாது, மணிக்கட்டு மட்டும் வெட்டும். போதாததற்கு விண்டோஸ் எக்ஸ்பியில் மவுஸைச் சட்டென்று இழுத்தால் அதே தூரத்துக்குக் குறி கூடுதலாக ஓடும்; கைக்குத் தூரம் பழகவே பழகாது. அங்கே நன்றாக ஆடியவர்கள் எண்ணைக் கண்டுபிடித்தவர்கள் அல்ல, தினமும் அதே சிஸ்டத்தைப் பிடித்தவர்கள். அதற்காகவே பள்ளி விட்டதும் ஓடி வருவார்கள்.

மருமகன் மேசையை ஸ்கேல் வைத்து அளந்தேன். மானிட்டர், கீபோர்டு, கெமிஸ்ட்ரி நோட்ஸ் எல்லாம் போக மவுஸுக்கு 30 செ.மீ. அவனுடைய 800 டிபிஐ, 0.35 ஒரு சுற்றுக்குக் கேட்பது கிட்டத்தட்ட 47. நடுவிலிருந்து ஒரு பக்கம் 15 செ.மீ. போனால் 115 டிகிரிதான் திரும்பும். முதுகுப் பக்கம் வருகிறவனைப் பார்ப்பதற்குள் மவுஸ் நோட்ஸில் முட்டும். தூக்கி வைப்பதற்குள் ஆள் காலி. எண்ணை ஏற்று, இல்லையென்றால் நோட்ஸை எடு என்றேன். நோட்ஸைக் கட்டிலுக்கு மாற்றினான். இப்போது முழங்கையிலிருந்து கை போகிறது, குறி எதிரியின் தலைக்கு நேரே நிற்கிறது. எண்ணை மட்டும் இன்னும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறான். அது விளையாட்டில் சேராது, வேண்டுதலில் சேரும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் கோவையில் விடுதியில் சேரப் போகிறான். பாடத்திட்டத்தை அக்கா விசாரிக்கிறாள். இவன் விசாரிப்பது அறையில் மேசை எவ்வளவு அகலம் என்று.