நான்காவது வரி

அப்பா உயில் எழுதவில்லை. "எழுதி வெச்சிடுங்கப்பா"ன்னு நானே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்டா" என்பார். அதற்குமேல் பேச்சு நகராது.

அவர் விட்டுப்போனது சுங்கை பட்டாணியில் ஒரு மாடி வீடு, பழைய மைவி கார், வங்கியில் கொஞ்சம் பணம், கேடபள்யூஎஸ்பி சேமிப்பு. கேடபள்யூஎஸ்பியில் அம்மாவை வாரிசாக நியமித்திருந்ததால் அந்தப் பணம் அதிக அலைச்சல் இல்லாமல் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு முடங்கியது. வீடு அப்பா பெயரிலேயே நின்றது.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். யூடிஎம்மில் நான்கு வருடம் படித்தேன். ஒரு பம்ப் ஏன் அதிர்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியும். அப்பாவின் வீடு இப்போது யாருடையது என்று பாட்டி கேட்டபோது பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். உயில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் வாங்க வேண்டும். உயில் இல்லாமல், நிலமோ வீடோ உள்ள சொத்து குறிப்பிட்ட மதிப்புக்குள் இருந்தால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துச் சட்டப்படி நில அலுவலகப் பிரிவிலேயே முடித்துக்கொள்ளலாம். வக்கீல் கட்டாயமில்லை. அந்த வரம்பு 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்தது. 2024 ஜூலையில் 50 லட்சமாக உயர்த்தினார்கள். எங்கள் வீடு இரண்டு கணக்கிலும் வெகு கீழே. மலாயில் இதற்குப் பெயர் 'பூசாக்கா கெச்சில்'. சின்னச் சொத்து.

யாருக்கு எவ்வளவு என்பதை முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் சொல்கிறது. கணவன் இறந்து, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, அக்கா, நான். நாலு பேருக்கும் சரியாகக் கால் கால். கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட.

பிரச்சினை போராங் ஏவை நிரப்ப உட்கார்ந்தபோது ஆரம்பித்தது. அதில் வாரிசுகள் எல்லார் பெயரும், அடையாள அட்டை எண்ணும், இறந்தவருக்கு என்ன உறவு என்பதும் எழுத வேண்டும். அம்மா, பாட்டி, நான் என்று மூன்று வரி எழுதினேன். நான்காவது வரியில் பேனா நின்றது.

அக்கா ஒன்பது வருடத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனாள். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. "அவங்க வேற ஆளுங்க" என்றுதான் சொன்னார்கள். அதன் பிறகு அப்பா அவள் பெயரை வீட்டில் உச்சரித்து நான் கேட்டதில்லை. அப்பாவின் சாவுக்கு வந்தாள். வாய்க்கரிசி போட்டுவிட்டு வாசலோரம் நின்றாள். கருமக்கிரியைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. நானும்தான்.

"அவ பேரப் போட்டா கூப்புடணும், வரணும், சைன் வாங்கணும். விட்டுருடா தம்பி. யாரு கேக்கப் போறா?" என்றார் சித்தப்பா.

சித்தப்பாமேல் பழி போட்டு இந்தக் கட்டுரையை எழுதிவிடலாம். ஆனால் உண்மை அதுவல்ல. அன்று இரவு எக்செல் திறந்தேன். வீட்டின் மதிப்பு 220,000 என்று வைத்தேன். நாலு கட்டத்திலும் 55,000 வந்தது. அக்காவின் கட்டத்தில் சுழியம் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் பங்கு மாறவில்லை. பாட்டியின் பங்கும் மாறவில்லை. என் கட்டத்தில் மட்டும் 110,000 என்று வந்தது.

வீட்டுக் கடனின் கடைசி நான்கு வருடத் தவணை, மாதம் 640 ரிங்கிட், நான் கட்டியது. ஆகவே இதில் எனக்கு நியாயம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாரம் இரண்டு வாரம் மேசைமேல் அப்படியே கிடந்தது. பெயரை மறைத்துக் கொடுப்பது குற்றம் என்று தெரியும். அந்த இரண்டு வாரமும் நான் குற்றத்தைப் பற்றி யோசிக்கவில்லை, மாட்டிக்கொள்வேனா என்பதைத்தான் யோசித்தேன்.

பாட்டிக்குத் தன் பங்கைப் பற்றி விளக்க வேண்டியிருந்தது. "நான் பெத்த புள்ள சொத்து எனக்கு வருதா? தலகீழால்ல இருக்கு," என்று கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு யாரு பேரு எழுதியிருக்க, படி" என்றார். மூன்று பெயரையும் படித்தேன்.

"மூத்தவ பேரு?"

பதில் சொல்லாமல் இருந்தேன். பாட்டியும் மறுபடி கேட்கவில்லை.

அன்று ராத்திரியே அக்காவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு ஒன்னும் வேணாம்டா. அம்மா பேருக்கே எழுதிக்குங்க" என்றாள். அப்படியென்றால் நேரில் வந்து சொல்ல வேண்டும், அல்லது சம்மதக் கடிதத்தில் அங்கேயே சத்தியப்பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் பேரு பாரத்துல எங்க வரும்?" என்று கேட்டாள். நான்காவது வரி என்றேன். "நேர்லயே வரேன்."

விசாரணை நாளன்று லார்க்கினிலிருந்து ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் வந்து இறங்கினாள். ஒரு சிறிய அறை. மலாய்க்கார அதிகாரி பெயர்களை வரிசையாகப் படித்து, "இவ்வளவு பேர்தான் வாரிஸா?" என்று மலாயில் கேட்டார். மலாய் புரியாத பாட்டிக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. அவர்களின் வாரிஸும் நம் வாரிசும் அரபியிலிருந்து வந்த ஒரே சொல். நான் மொழிபெயர்ப்பதற்குள் பாட்டி, "ஆமா, எல்லாரும் வந்துட்டாங்க" என்று தமிழிலேயே சொன்னார்.

நாங்கள் மூவரும் எங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுத்தோம். அதிகாரி ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சம்மதமா என்று கேட்டு எழுதிக்கொண்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்பா ஏன் உயில் எழுதவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். சோம்பலாக இருக்கலாம். எழுத உட்கார்ந்தால் அக்காவின் பெயரைப் போட வேண்டும், இல்லை விட வேண்டும். இரண்டையும் அவரால் செய்ய முடியாமல் போயிருக்கலாம். எழுதாமல் விட்டதால் சட்டம் அவருக்காக எழுதியது. அவர் தெரிந்துதான் விட்டார் என்று அம்மா நம்புகிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

வெளியே கார் பார்க்கில், "அந்தப் பாரத்தோட காப்பி இருக்கா?" என்று கேட்டாள் அக்கா. ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கார் பானெட்டில் விரித்து வைத்து, நான்காவது வரியை மட்டும் போனில் படம் எடுத்தாள். அவள் பெயர், அடையாள அட்டை எண், பக்கத்துக் கட்டத்தில் என் கையெழுத்தில் 'அனாக்'. பிள்ளை.

"கையெழுத்து இன்னும் கோழி கிண்டின மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாட்டியைக் கைப்பிடித்துக் காரில் ஏற்றினாள்.